ஊன்றுகோலும் திருவருளே

திருச்சிற்றம்பலம்.

அம்மையப்பர் திருவருள் பெருகும் இப்பெருவிழாவின் ஆறாம் நாள் மாலையில், சுவாமி திருவீதிக்கு எழுந்தருளுமுன் சிறிது பொழுது உங்களோடு கூடியிருந்து சிந்திக்கும் பேறு அடியேனுக்கு வாய்த்திருக்கின்றது.

நாயன்மார் வரலாறுகளுள் ஒன்றைப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தார்கள். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்ற வரலாற்றை எடுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

சில திங்களுக்கு முன்பு, தச்சுத்தொழில் செய்யும் அன்பர் ஒருவரை அவருடைய மனைவியார் என்னிடம் அழைத்து வந்தார். அவர் நெடுங்காலம் குடிக்கு ஆட்பட்டிருந்து, பின்பு மறுவாழ்வு மையம் ஒன்றிலே தங்கிச் சிகிச்சை பெற்று வருபவர். அன்றைக்கு 22 நாள் ஆகியிருந்தது. தாயாரின் திதிக்காக ஒருநாள் விடுப்பில் வந்தவர், இனி அங்கே திரும்புவதில்லை என்ற முடிவோடு இருந்தார். நான் விபூதி கொடுத்தேன். பூசிக்கொண்டு அவர் கேட்டார்: "ஐயா, குடித்த நாளில் இரவிலே தூங்கினேன், விட்ட பிறகு தூக்கமே இல்லை. யார் எது சொன்னாலும் எரிச்சலாக வருகிறது. சோறு மண்ணாக இருக்கிறது. மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் உண்ண வேண்டும், நாலு பேர் நடுவிலே என் கதையைச் சொல்ல வேண்டும். விட்டால் நிம்மதி வரும் என்றார்கள். எங்கே நிம்மதி? நான்தான் விட்டுவிட்டேனே, கடவுள் ஏன் ஐயா எனக்குக் கைகொடுக்கவில்லை?"

இந்தக் கேள்வியை நான் கேட்டது அதுவே முதன்முறை அன்று. பல்லாண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் ஏறத்தாழ இதே சொற்களால் என்னைக் கேட்டார். அன்று நான் கள்ளுண்டல் ஐம்பெரும் பாதகங்களுள் ஒன்று என்று எடுத்துக்காட்டினேன். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார் என்று விளக்கினேன். உனக்கு மனவுறுதி போதாது என்று முடித்தேன். நான் சொன்னவற்றுள் சாத்திரத்திற்கு மாறானது ஒன்றுமில்லை. ஆனால், அவர் கேட்ட கேள்விக்கு அது விடையும் அன்று. அதன்பின் அவர் கோயிற்பக்கம் வரவில்லை. இரண்டு திருவிழாக் கடந்து அவருடைய தாயாரைச் சந்நிதியிலே கண்டு, "மகன் நலமா?" என்று வினவினேன். "தலைத்திவசம் ஆகிவிட்டது சாமி" என்றார். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. ஆதலால், தச்சர் அதே கேள்வியைக் கேட்டபோது நான் உடனே வாய் திறக்கவில்லை. சிறிது நேரம் இருந்து, சுந்தரர் வரலாற்றைச் சொன்னேன். அதனையே இன்று உங்கள் முன்னும் வைக்கின்றேன்.

திருவொற்றியூரிலே சங்கிலியாரை மணந்துகொள்ள விரும்பினார் நம்பியாரூரர். "உன்னைப் பிரியேன்" என்று சந்நிதியில் சூளுறவு செய்துதர வேண்டியிருந்தது. ஆரூர்ப் பெருமானையும் பிற தலங்களையும் வணங்காமல் ஓரூரில் தங்கிவிட அவரால் இயலுமா? ஆகவே, தாம் சூள் உரைக்கும் வேளையிலே கருவறையை நீங்கி மகிழமரத்தின்கீழ் எழுந்தருளியிருக்குமாறு இறைவனிடமே வேண்டிக்கொண்டார். பெருமான் இசைந்தார். இசைந்தவர், சங்கிலியாரிடமும் சென்று, மகிழின்கீழே சூள் கேட்குமாறு உணர்த்திவிட்டார்! சந்நிதியிலே செய்ய எண்ணிய சபதத்தை நம்பிகள் மகிழின்கீழ்ச் செய்ய நேர்ந்தது. பின்னர் இளவேனில் வந்தது. திருவாரூரின் வசந்த விழாவும் வீதிவிடங்கப் பெருமானின் திருக்கோலமும் நினைவிற்கு வந்தன. ஆராத காதலோடு புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளி இழந்தன.

அன்பர்களே, தம்பிரான் தோழரைக் குடிநோயாளியோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டா. அவர் எல்லை கடந்தது இறைவன்மீது கொண்ட காதலால். ஆயினும், சூள் சூள்தான் என்பதை நமக்கு உணர்த்தும் பொருட்டே இந்தத் திருவிளையாடல் நிகழ்ந்தது. சத்தியம் செய்யும்போதே அதிலிருந்து விலக ஒரு வழியைத் தேடி வைப்பது மனித மனத்தின் இயல்பு. "பொங்கல் கழியட்டும்", "கலியாணம் முடியட்டும்", "பீர் மட்டும் பரவாயில்லை" என்பனவெல்லாம் நாம் கட்டிக்கொள்ளும் மகிழமரங்களே.

இனி, நாம் கருதவேண்டிய பகுதி வருகின்றது. கண்ணிழந்த நம்பிகள் பிழையை உணர்ந்தார், உருகிப் பாடினார், வடதிருமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கம் சேர்ந்தார். "கோயிலினுள்ளே இருக்கின்றீரோ?" என்று வினவினார். இருக்கின்றோம், நீர் நடந்து செல்லும் என்ற அளவிலே விடை வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோலும் வந்தது. கண் வரவில்லை.

கண்ணைக் கேட்டவர்க்குக் கோல் கிடைத்தால் மனம் என்ன பாடுபடும்! தோழர் என்ற உரிமையாலே பெருமானை நொந்துகொண்டு பாடினார் நம்பிகள். அந்தக் கோலைச் சினந்து வீசினார் என்றும், அது நந்தியின்மேற் பட்டுக் கொம்பு முறிந்தது என்றும் அத்தலத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றார்கள். அப்பழங்கோயில் இருந்த இடம் 1940-களில் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது நீருள் ஆழ்ந்தது. திருமேனிகள் பூண்டியிலே எழுப்பிய கோயிலில் எழுந்தருளியிருக்கின்றன. அங்கே சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்பது திருநாமம். கண் கொடுத்த பெருமான் என்றில்லாமல் கோல் கொடுத்த பெருமான் என்றே அத்தலத்திலே அவர் பெயர் பெற்றிருப்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு நம்பிகள் ஆலங்காட்டை வணங்கிக் காஞ்சி சென்றார். திருவேகம்பத்திலே இடக்கண் கிடைத்தது. திருத்துருத்தியிலே குளத்தில் நீராட உடற்பிணி நீங்கிற்று. வலக்கண் கிடைத்தது திருவாரூரிலேதான். ஒருநாளிற் கொடுக்க வல்ல பெருமான், ஊர் ஊராக நடத்தி, ஒவ்வொன்றாகக் கொடுத்தருளினார்.

தச்சரிடம் நான் சொன்னது இதுதான்: "நீங்கள் இப்போது இருப்பது வெண்பாக்கம். உங்கள் கையில் இருப்பது கோல். இது கண் இல்லை என்று வருந்துகின்றீர்கள். அதில் தவறில்லை, சுந்தரரும் வருந்தினார். ஆனால், கடவுள் கைகொடுக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த மணியும், அந்த மருந்தும், நாலு பேர் நடுவில் பேசுவதும் அவர் கொடுத்த கோல்."

அவருக்கு வந்த தூக்கமின்மையும் எரிச்சலும் எதனால் வந்தன என்பதையும் சொல்லவேண்டும். மருத்துவர்கள் விளக்குவதை நமக்குப் பழகிய தேரைக்கொண்டே சொல்கின்றேன். தேர்ச்சக்கரத்திற்கு முட்டுக்கட்டை போட்டவாறே இருந்தால், வடம் பிடிப்போர் என்ன செய்வார்கள்? முன்னிலும் வலிந்து இழுப்பார்கள். மது நரம்பு மண்டலத்திற்கு இடும் முட்டுக்கட்டை. நாள்தோறும் குடிப்பவருடைய மூளை அந்தத் தடையையும் மீறித் தொழிற்பட வேண்டி வலிந்து இழுக்கப் பழகிவிடுகின்றது. திடீரென்று கட்டையை எடுத்துவிட்டால் தேர் தாறுமாறாக ஓடுமல்லவா? அதுபோலவே, கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றுகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளளவில் சிலருக்கு அறிவு மயங்கி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தோன்றும்.

இதனைக் கோயிலுக்கு வரும் நாம் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். மாலையிட்டு விரதம் தொடங்குகின்றோம் என்றும், சாமிமுன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கின்றோம் என்றும், பெருங்குடியர் ஒருவர் ஒரே நாளிலே மதுவை நிறுத்துகின்றார். மூன்றாம் நாள் அவர் பிதற்றினால் பேய் பிடித்தது என்றும், தெய்வக் குற்றம் என்றும் சொல்லி மந்திரிக்க அழைத்துச் செல்கின்றார்கள். அது பேயும் அன்று; குற்றமும் அன்று. உயிருக்கே ஊறு செய்யத்தக்க நோய்நிலை. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். நெடுநாள் குடித்தவர் மருத்துவர் மேற்பார்வையிலேதான் நிறுத்துதல் வேண்டும். சத்தியம் அதன்பின் செய்துகொள்ளலாம், சுவாமி காத்திருப்பார்.

முதல் வாரம் கழிந்தபின் உயிருக்கு உள்ள இடர் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால் மனத்தின் இடர் அப்போதுதான் தொடங்குகின்றது. தூக்கக் குறைவும், சிறு சொல்லுக்கும் பொங்கும் சினமும், எதிலும் சுவை தோன்றாத வெறுமையும் வாரக்கணக்கிலும், சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிக்கும். செயற்கை இன்பத்திற்கே பழகிய மூளை, பிள்ளையின் சிரிப்பிலும் சோற்றின் சுவையிலும் மீண்டும் மகிழக் கற்றுக்கொள்ள அவ்வளவு காலம் ஆகின்றது. எரிச்சல் வந்ததனாலே சிகிச்சை பலிக்கவில்லை என்று முடிவு செய்தல் பிழை. காயம் ஆறும்போதும் அரிப்பு எடுக்கத்தானே செய்கின்றது?

நம் சித்தாந்தம் இந்நிலையை முன்னமே கண்டிருக்கின்றது. மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தின் ஒன்பதாம் சூத்திரத்திலே, ஞானம் விளங்கப்பெற்ற உயிருக்கும் திருவைந்தெழுத்தை விதிப்படி ஓதுதல் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உவமை வருகின்றது. வேம்பு தின்று பழகிய புழு அந்த உவமை. கரும்பின் இனிமையை அறிந்த பின்னும், பழகிய வேம்பையே அது மீண்டும் நோக்கும். அறிவு வந்துவிட்டது என்பதனாலே பழக்கம் போய்விடாது. மலம் நீங்கிய பின்னும் எஞ்சி நிற்கும் வாசனையைப் பெரியோர் வாசனாமலம் என்பர். பெருங்காயத்தை எடுத்துவிட்ட பின்னும் பாண்டத்திலே மணம் இருப்பதுபோல அது இருக்கும். ஞானியர்க்கே இந்தக் காவல் வேண்டும் என்று சாத்திரம் சொல்லுமானால், 22 நாள் ஆன ஒருவரிடம் "இன்னுமா உனக்கு அந்த நினைப்பு?" என்று கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கின்றது? நினைப்பு எழுவது குற்றம் அன்று. எழும்போது என்ன செய்வது என்று அறிந்திருப்பதே வேண்டுவது.

அதற்குச் சில வழிகள் உண்டு. சிகிச்சையில் இருப்பவர் எவரேனும் இக்கூட்டத்தில் இருந்தால், அவர்க்கு இவை பயன்படும்.

முதலாவது, குடிக்க வேண்டும் என்ற அவா கடலலை போன்றது. அது எழும், உச்சிக்கு வரும், தானே தாழும். பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் தணிந்துவிடும் என்பர். அந்த அரைமணி நேரத்தைக் கடக்க ஒரு வேலை வேண்டும். தண்ணீர் அருந்துங்கள்; எழுந்து நடங்கள்; ஐந்தெழுத்தை விரலால் எண்ணி ஓதுங்கள். வாழ்நாள் முழுவதையும் ஒரே மூச்சில் வெல்ல எண்ண வேண்டா. இந்த அலை கடந்தால் போதும்.

இரண்டாவது, எரிச்சல் மிகும்போது நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பசித்திருக்கின்றேனா? சினந்திருக்கின்றேனா? தனித்திருக்கின்றேனா? களைத்திருக்கின்றேனா? மனம் கெட்டுவிட்டது என்று நாம் அஞ்சும் பல வேளைகளில் வயிறுதான் காய்ந்திருக்கும்.

மூன்றாவது, நொந்துகொள்வதை மறைக்காதீர்கள். சுந்தரர் தம் நோவைப் பெருமானிடமே பாடினார். மனத்துள் வைத்துப் புழுங்கவில்லை. மையத்தில் உள்ள ஆலோசகரிடம் சொல்லுங்கள்; உடனிருப்பவரிடம் சொல்லுங்கள். 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அக்ரன் என்னும் ஊரிலே, பங்குவணிகம் செய்த ஒருவரும் மருத்துவர் ஒருவரும், இருவருமே குடிக்கு அடிமைப்பட்டிருந்தவர்கள், ஒருவர்க்கொருவர் தம் நிலையைச் சொல்லிக்கொண்டதிலிருந்துதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு பிறந்தது. இன்று அதன் கூட்டங்கள் தமிழகத்திலும் நடைபெறுகின்றன. அடியார் கூட்டத்தின் பெருமையைச் சைவர்களாகிய நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது, சினம் பொங்கும் நேரத்திலே சிகிச்சையை விட்டு வெளியேறும் முடிவை எடுக்காதீர்கள். ஓர் இரவு கழியட்டும். காலையில் நீராடித் திருநீறு தரித்து, மருத்துவரிடம் பேசிய பின்னர் முடிவு செய்யுங்கள். கோலைப் போட்டுவிட்டால் கண் முன்னதாக வந்துவிடாது. நடக்கின்ற நடையும் நின்றுபோகும்.

ஒருகால் வழுக்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது? போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை ஏதோ ஒரு காலத்தில் மீண்டும் சறுக்குகின்றார்கள் என்று அமெரிக்க நாட்டின் தேசிய ஆய்வு நிறுவனம் கூறுகின்றது. இரத்தக்கொதிப்பு முதலான நெடுநாள் நோய்களிலும் இப்படி மீளத் தாக்குதல் உண்டு என்று அந்நிறுவனமே எடுத்துக்காட்டுகின்றது. கொதிப்பு மீண்டும் ஏறினால் நாம் மருத்துவரிடம் மறுபடி செல்கின்றோம். தற்கொலைக்கு எண்ணுவதில்லை; ஊரும் பழிப்பதில்லை. இந்நோய்க்கும் அதுவே முறை. விழுந்த அன்றே எழுந்து மருத்துவரிடம் செல்வதே வேண்டுவது.

இனிக் குடும்பத்தார்க்கு ஒரு சொல். திலகவதியார் வரலாற்றை எண்ணுங்கள். தம்பி மருணீக்கியார் வேற்று நெறியிற் சென்றபோது, அவர் தொடர்ந்து சென்று வாதாடவில்லை. திருவதிகையிலே திருவலகிட்டுப் பெருமானிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். சூலைநோய் பற்றியபோது தம்பி ஆளனுப்பினார். அப்போதும் அவர் அங்கே செல்லவில்லை. ஆனால், தம்பி இரவோடிரவாக வந்து அடிவீழ்ந்தபோது, பழையது ஒன்றும் பேசவில்லை. எடுத்து, திருநீறு கொடுத்து, திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நமக்கு வேண்டிய இரண்டும் இங்கே இருக்கின்றன. குடிப்பவர் பின்னே கடை வாயில்வரை செல்ல வேண்டா. அவர் கடனை அடைத்து அவரைக் காக்கவும் வேண்டா. திரும்பி வந்தாரானால், வாசலிலே நிறுத்தி வாயை ஊதச் சொல்லவும் வேண்டா. நம்பிக்கை உடனே வராது என்பது உண்மையே. இருபது ஆண்டு பட்ட துன்பத்தை இருபது நாளில் மறக்க எந்த மனைவியாலும் இயலாது. அதை அவரிடம் மென்மையாகச் சொல்லிவிடுங்கள்: "எனக்கும் நாளாகும், நீங்களும் பொறுங்கள்" என்று.

இன்னொன்று. குடிப்பவர் அறியாமல் உணவிலே மருந்து கலந்து கொடுக்கும் வழக்கம் சில இல்லங்களில் இருக்கின்றது. டைசல்ஃபிரம் என்னும் மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் வாந்தியும் மூச்சுத்திணறலும் உண்டாகும். உயிருக்கே தீங்கு நேரலாம். மருந்து மருத்துவர் கொடுக்க, நோயாளி அறிந்து உண்பதே முறை. எங்கே செல்வது என்று தெரியாதவர்கள், நடுவண் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446-இல் கேட்டு அறியலாம். அரசு மருத்துவமனைகளிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. குடிநோயாலே கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், 1980-ஆம் ஆண்டு சென்னையிலே டி.டி. ரங்கநாதன் பெயரால் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். தாம் பட்ட துயர் பிறர்க்கு ஊன்றுகோலாக வேண்டும் என்று எண்ணிய உள்ளம் அது.

தச்சரைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். அவர் அன்று எனக்கு விடை ஒன்றும் சொல்லவில்லை. "வெண்பாக்கம் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மறுநாட் காலைப் பேருந்திலே மையத்திற்குத் திரும்பிவிட்டதாக அவர் மனைவியார் வந்து சொன்னார். சிகிச்சை முடிந்து வந்தபின் இடையில் ஒருமுறை சறுக்கினார் என்பதையும், அன்றிரவே மருத்துவரிடம் சென்றார் என்பதையும் நான் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. சென்ற வாரம் ஒரு கைத்தடி செய்து கொண்டுவந்து, "வயதாகிறது, படியேற உதவும்" என்று என்னிடம் கொடுத்தார். இம்மேடைக்கு நான் அதனை ஊன்றிக்கொண்டுதான் ஏறினேன்.

அந்த இளைஞரின் தாயார் இன்றும் இக்கூட்டத்திலே அமர்ந்திருக்கின்றார். அம்மா, அன்று நான் சொல்லத் தவறியதை இன்று சொல்லியிருக்கின்றேன். பொறுத்தருளுங்கள்.

காஞ்சியிலும் ஆரூரிலும் கண் கொடுத்த பெருமான்தான் வெண்பாக்கத்திலே கோல் கொடுத்தவரும். இடைவழியில் நிற்கும் எல்லாரையும் அவர் நடத்தி அருள்வாராக என்று வேண்டி, இவ்வளவில் அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.